விலாவில் ஒட்டாத மரச்சீவல்

பூலா என்ற குதிரைக்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. இந்த ஏழு வாரமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே லாயத்துக்குப் போய் அவன் விலாவைத்தான் பார்த்தேன். தரையில் பரப்பியிருக்கும் மரச்சீவலில் ஒரு துணுக்காவது விலாவிலோ தொடையிலோ பிடரியிலோ ஒட்டியிருக்கிறதா என்று. ஒட்டியிருந்தால் இரவில் படுத்திருக்கிறான். இல்லையென்றால் விடியும்வரை நின்றிருக்கிறான்.

குதிரை நின்றபடியே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கால் மூட்டைப் பூட்டிக்கொள்ள அதற்கு ஓர் அமைப்பு உண்டு. தசைக்கு அதிக வேலை இல்லாமல் எலும்பும் நாருமே உடம்பைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அது கோழித்தூக்கம். ஆழ்ந்து தூங்க வேண்டுமானால் குதிரை படுத்தே ஆக வேண்டும். நாளுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும், ஆனால் அதுவும் கிடைக்காவிட்டால் சில நாட்களில் நின்ற இடத்திலேயே முன்னங்கால் மடங்கிச் சரியத் தொடங்கும். அப்படியிருந்தும் புது இடத்தில் படுக்காது. படுத்த குதிரை எழுந்து ஓடுவதற்குச் சில நொடிகள் ஆகும், அந்தச் சில நொடிகள் சிங்கத்துக்குப் போதும். கூட்டத்தில் ஒன்று காவல் நின்றால்தான் இன்னொன்று கண்ணை மூடிப் படுக்கும். எங்கள் ஊரில் இப்போது சிங்கம் இல்லை என்பதைப் பூலாவுக்கு யார் சொல்வது?

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துக்கு வெளியே, ஆஷ்பர்ட்டன் பக்கம். முள்மரங்கள் நிறைந்த இடம், கோடையில் நன்றாகக் காயும். 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்கள் எங்கே வீடு வாங்கலாம், எங்கே வாங்கக் கூடாது என்று கோடு போட்டு வைத்திருந்தது. 1991இல் அது ஒழிந்தது. அதற்குப் பிறகும் எங்கள் கையில் காசு சேர வருடங்கள் ஆயின. இப்போது ஐந்து ஏக்கர் நிலம், மூன்று அறை கொண்ட ஒரு லாயம், பின்னால் ஒரு மேய்ச்சல் வெளி.

லாயம் அப்பாவுக்காகக் கட்டியது. அப்பாவுக்கு வயது 83. ஸ்காட்ஸ்வில் மைதானத்தில் ஓடும் பந்தயக் குதிரைகளை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவர். க்ரூம் வேலை. விடியற்காலை இருட்டில் நார்த்டேலிலிருந்து சைக்கிளை மிதித்துப் போவார். லத்தி அள்ளுவார், தேய்ப்பார், தண்ணீர் காட்டுவார், நடத்துவார். அவர் கை பட்ட குதிரைகள் எத்தனையோ கோப்பை வாங்கின. அதில் ஒன்றுகூட அவருடையதில்லை. ஒரு குதிரையாவது அவர் கண்ணெதிரே எங்கள் வேலிக்குள் நிற்க வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. அப்படி வந்தவள் ராணி. பந்தயத்தை விட்டு ஓய்ந்த குதிரை, இப்போது 21 வயது. அவளுக்குத் துணையாக இருந்த கிழட்டுக் கழுதை போன வருடம் செத்துப்போனது. அன்றிலிருந்து ராணி வேலி ஓரமாகவே நடந்து நடந்து மண்ணில் ஒரு பள்ளம் போட்டுவிட்டாள். குதிரையைத் தனியாக வளர்ப்பது கொடுமை. ஒன்று இருந்தால் இன்னொன்றும் வேண்டும். அதனால்தான் பூலா.

பூலா டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில், அண்டர்பெர்க் பக்கம் ஒரு பண்ணையில் பிறந்தவன். பசூட்டோ மட்டக்குதிரை. லெசோத்தோ மலைக்காரர்கள் வளர்த்து உருவாக்கிய இனம், செங்குத்தான பாறைப் பாதையிலும் கால் தவறாமல் ஏறி இறங்கும். இரண்டு வயது தாண்டி நான்கு மாதம். காயடித்த ஆண்குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் திருநீறு கீற்றுப்போல ஒரு வெள்ளை. இந்த இனத்தின் முன்னோர்கள் 1650களில் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் தென்கோடியான கேப்புக்குக் கப்பலில் கொண்டுவந்த குதிரைகள். அதைப் படித்தபோது எனக்கு அவன்மேல் இன்னும் கொஞ்சம் ஒட்டுதல் வந்தது. நாங்களும் அதே இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வந்தவர்கள்தானே. 1860இல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது. எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் பின்னால் வந்த ஒரு கப்பலில் வந்தவர்.

பூலா என்றால் சோத்தோ மொழியில் மழை. பெயரை மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. மழை என்றால் தமிழில் மாரி, அம்மன் பெயரும் ஆயிற்று, மாரி என்றே கூப்பிடலாம் என்று என் மகள் சொன்னாள். அழகான யோசனைதான். ஆனால் நான் ஒப்பவில்லை. அவனுடைய மலை போய்விட்டது, கூட்டம் போய்விட்டது, புல்லும் தண்ணீரும்கூட வேறு. காதில் விழுந்து பழகிய ஒரே ஒரு சத்தம்தான் மிச்சம், அதையும் ஏன் பிடுங்க வேண்டும்? கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்களைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு, கூடவே ஒரு எண்ணையும் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பூலா பூலாவாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி தொடக்கத்தில், தைப்பூசக் காவடி முடிந்த வாரம், அவனைக் கூட்டிவரப் போனோம். வெயிலுக்கு முன் ஊர் சேர வேண்டும் என்று விடியும்போதே ஏற்றினோம். அதற்கு முன்பே பண்ணைக்காரர் இரண்டு வாரம் தினமும் ட்ரெய்லரைத் திறந்து வைத்து அதற்குள்ளேயே தீனி வைத்துப் பழக்கியிருந்தார். அந்தப் புண்ணியவானுக்கு என் நன்றி. ஏறுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் தின்று பழகிய உலர்புல்லில் ஆறு கட்டும், அந்தப் பண்ணை ஓடைத் தண்ணீரில் இரண்டு கேனும் கூடவே ஏற்றிக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். வளைவுகளில் நான் மிக மெதுவாகத்தான் ஓட்டினேன். பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போயின.

வீடு வந்து கதவைத் திறந்தபோது வேர்த்து நனைந்திருந்தான். இறங்கினான், தலையைத் தூக்கினான், முழு உடம்பும் அதிரக் கனைத்தான். மேய்ச்சல் வெளியிலிருந்து ராணி பதில் கொடுத்தாள். அவள் அப்படிக் கனைத்து நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை.

உண்மையான சிக்கல் அன்று மாலைதான் தொடங்கியது. அது புரிய வேண்டுமானால் இந்த நாட்டுக் குதிரைக்காரர்களின் பெரிய பயம் எது என்று சொல்ல வேண்டும்.

ஆப்பிரிக்கக் குதிரைநோய் என்று ஒன்று உண்டு. வைரஸ். ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தொற்றாது. மிட்ஜ் என்று இங்கே சொல்கிற, கொசுவைவிட மிகச் சிறிய, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பூச்சி கடித்துப் பரப்பும். கோடை மழை நன்றாகப் பெய்த பிறகு, பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் அது பெருகும். முதல் உறைபனி விழுந்தால் அடங்கும். நுரையீரலைத் தாக்கும் வகை வந்தால் மூக்கிலிருந்து நுரை தள்ளி மணிக்கணக்கில் முடிந்துவிடும், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்காது. தலையும் கண்குழியும் வீங்கும் வகையில் பாதிக்குப் பாதி போகும். 1719இல் கேப்பில் சுமார் 1,700 குதிரைகள் செத்தன. 1854, 55இல் வந்த கொள்ளையில் ஏறக்குறைய 70,000. அதாவது அங்கே இருந்த குதிரைகளில் பத்துக்கு நாலு. ஆர்னால்ட் தைலர் 1908இல் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ஒண்டர்ஸ்டெபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கிய காலத்தில் அவர் போராடிய பெரிய நோய்களில் இதுவும் ஒன்று. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்து பிழைத்த குதிரைக்குச் ‘சால்ட்டட்’ குதிரை என்று பெயர், உப்பில் ஊறியது என்று அர்த்தம், அதற்கு விலையும் பல மடங்கு. ஆனால் இந்த வைரஸில் ஒன்பது வகை. ஒன்றைத் தாண்டியவன் மற்றவற்றையும் தாண்டுவான் என்று சொல்ல முடியாது.

தடுப்பூசி இருக்கிறது. பூச்சி குறைந்த ஜூனிலிருந்து அக்டோபருக்குள், மூன்று வார இடைவெளி விட்டு இரண்டு ஊசி. பூலாவின் பாஸ்போர்ட்டில், அதாவது குதிரைக்கென்று இருக்கும் தடுப்பூசிக் குறிப்பேட்டில், இரண்டுக்கும் முத்திரை இருந்தது. ஆனாலும் இரண்டே வயதுக் குட்டிக்கு அது முழுக் கவசம் இல்லை. மிட்ஜ் அந்தி மசங்கும் நேரத்திலிருந்து விடியும்வரை கடிக்கும். அதனால் சூரியன் விழுவதற்கு முன் குதிரையை லாயத்துக்குள் கொண்டுவந்து அடைக்க வேண்டும், வெயில் ஏறிய பிறகுதான் வெளியே விட வேண்டும். லாயத்தின் திறப்புகளில் பூச்சிமருந்து தெளித்த நெருக்கமான வலை, உள்ளே மின்விசிறி. அந்தப் பூச்சி பலவீனமாகப் பறக்கும், காற்று அடித்தால் கிட்டே வராது. விளக்கு கூடாது, வெளிச்சத்துக்கு வரும்.

பூலா பிறந்த இடம் 1,500 மீட்டர் உயரம். அங்கே குளிர் அதிகம், பூச்சி குறைவு. பிறந்ததிலிருந்து வானத்துக்குக் கீழே நின்றவன். நாலு சுவர் அவனுக்குத் தெரியாது. முதல் நாளே அவனை இருட்டான அறைக்குள் தள்ள வேண்டிய கட்டாயம் எனக்கு. ஒரு குட்டிக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றால் அவசரப்படுத்தக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் அந்த மாதத்தில் அவசரப்படாமல் இருந்தால் குட்டியே இருக்காமல் போகலாம். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்து நிலத்தில் ஒரு குதிரை காலையில் தலையைத் தொங்கப் போட்டது, மறுநாள் மதியம் புல்டோசர் வந்து குழி தோண்டியது. அதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு லாய வாசலுக்குக் கொண்டுபோனேன். நிலைப்படிக்கு ஒரு கஜம் தள்ளி நான்கு காலும் ஊன்றிவிட்டான். இழுத்தால் பின்னுக்குப் போனான். புல்லைக் காட்டினேன், கழுத்தை நீட்டி ஒரு வாய் கடித்துக்கொண்டு பின்வாங்கினான். ஐந்தரை. ஐந்தே முக்கால். மேற்கே இடி வேறு உருண்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது, என் பதற்றம் கயிறு வழியாக அவனுக்கும் போயிருக்க வேண்டும்.

அதுவரை பேசாமல் நாற்காலியில் இருந்த அப்பா எழுந்து வந்தார்.

“கயித்த வுடு கண்ணு.”

“ஓடிடுவான்ப்பா.”

“எங்க ஓடுவான்? வேலி இருக்குது. நீ அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிற. சிங்கம் அப்படித்தான் பாக்கும். திரும்பி நில்லு. மொதல்ல ராணிய உள்ள கூட்டிப் போ.”

ராணியை முன்னால் நடத்தி, ஓரத்து அறைக்குள் விட்டேன். அவள் தன் தொட்டியில் முகத்தைப் புதைத்து மெல்லத் தொடங்கினாள். அந்தச் சத்தம் பூலாவின் காதுக்குப் போனதும் காது இரண்டும் முன்னால் திரும்பின. அப்பா கயிற்றைத் தொய்வாகப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டியபடி, வாசலில் சும்மா நின்றார். ஏதோ தாலாட்டு மாதிரி முனகினார். பத்து நிமிடம் இருக்கும். ஒரு கால் நிலைப்படி தாண்டியது. பின்வாங்கியது. மறுபடி ஒரு கால். அப்பா நகரவேயில்லை. பிறகு ஒரே தாவலில் உள்ளே வந்து சுவரில் தோளை இடித்துக்கொண்டு நின்றான். கதவைச் சாத்தியபோது மணி ஆறு பத்து. என் கை நடுங்கியது.

உள்ளே வந்துவிட்டானே தவிர, அன்று இரவு முழுக்க அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான், கனைத்தான், வேர்த்தான். புதிதாக வந்த குதிரையை மூன்று வாரம் பழைய குதிரையோடு மூக்கு உரச விடக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். தொண்டைக் கழலை நோய் மாதிரி ஏதாவது அவனோடு வந்திருந்தால் வெளிப்பட அத்தனை நாளாவது வேண்டும். ஆனால் கண்ணில் படாமலும் வைக்கக் கூடாது. அதனால் நடு அறையைக் காலியாக விட்டு, அந்தக் கோடியில் ராணி, இந்தக் கோடியில் பூலா. அந்த நடு அறையில் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. போர்வையையும் ஃபிளாஸ்கில் தேநீரையும் கொண்டுபோய் வைத்தேன். இடி மின்னலில் மின்சாரம் போய் விசிறி நின்றது. இருட்டில் பழைய மதராஸ் வழக்குத் தமிழில் அவர் இரண்டு குதிரைகளோடும் பேசிக்கொண்டேயிருந்தது வீட்டு ஜன்னல்வரை கேட்டது. அரிசி விலையிலிருந்து ஆயா செய்த மீன் குழம்புவரை எல்லாக் கதையும்.

காலையில் விலாவில் சீவல் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

தீனி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, இரைப்பை சிறியது, பின்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் புல்லைச் செரிக்க வைக்கின்றன. தீனியைத் திடீரென்று மாற்றினால் அந்த உயிர்கள் செத்து வயிற்றுவலி வரும், குதிரைக்கு வயிற்றுவலி என்றால் உயிரே போகலாம். பழைய புல்லோடு புதிய புல்லை முதலில் கால் பங்கு, பிறகு பாதி என்று பன்னிரண்டு நாளில் மாற்றினேன். தண்ணீரை வாளியில்தான் வைத்தேன், எவ்வளவு குடித்தான் என்று தெரிய வேண்டுமே. முதல் நாள் அரை வாளிதான். பண்ணைத் தண்ணீரோடு எங்கள் தண்ணீரைக் கலந்து வைத்த பிறகு மூன்றாம் நாள் முழு வாளியும் காலி. லத்தியை எண்ணினேன். ஒரு நாளைக்கு எட்டு முறைக்குக் குறைந்தால் கவலைப்பட வேண்டும். கொள்ளு ஊறவைத்துக் கொடுத்தால் தேறிவிடுவான் என்று டர்பனில் இருக்கும் பெரியம்மா போனில் தினமும் சொன்னார். தமிழ்நாட்டுக் குதிரைக்கு அது பழக்கம்தான். வந்த முதல் மாதத்தில் எந்தப் புதுத் தானியமும் வேண்டாம் என்று நான் கொடுக்கவில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்கள். இவனுக்கு இரண்டுமே இப்போதைக்கு இல்லை.

பகலில் அப்பாவின் முறைதான் என் முறையும் ஆயிற்று. அவன் வெளிக்குள் போய், அவனைப் பார்க்காமல், ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பிள்ளைகளின் தமிழ் நோட்டுகளைத் திருத்துவேன். சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பதினொரு பிள்ளைகளின் எழுத்து வேலை. முதல் மூன்று நாள் அவன் தூரத்தில். நான்காம் நாள் முதுகுக்குப் பின்னால் மூச்சுக்காற்று பட்டது. திரும்பவில்லை. ஐந்தாம் நாள் நோட்டின் ஓரத்தைக் கடித்தான். உயிர்மெய் வரிசை பாதி போயிற்று. அந்தப் பையனிடம் குதிரை தின்றுவிட்டது என்று காட்டியபோது அவன் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

பதினாறாவது நாள் நடந்ததை எழுதும்போது இன்னும் வயிறு கலங்குகிறது.

காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரிவரை சரி. அன்று மாலை 39.7. தலை தொங்கியிருந்தது, வாளி தொடப்படாமல் இருந்தது. என் நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த புல்டோசர். கண்ணுக்கு மேலிருக்கும் குழியைத் தடவிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. மூச்சை எண்ணினேன். எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது.

மருத்துவர் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள், பக்கத்து நிலத்தில் மாடு பார்க்கும் ஜூலு பெரியவர் வந்தார். அவரை நாங்கள் பாபா என்று கூப்பிடுவோம். இஹாஷிக்கு, அதாவது குதிரைக்கு, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பூலாவின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்து, மஞ்சள் தட்டியிருந்தது. பிறகு வாலைத் தூக்கினார். வாலுக்கு அடியில், மயிர் இல்லாத தோலில், சிவப்புக்கால் உண்ணிகள் ஆறேழு, குண்டு குண்டாக. காதுக்குள்ளே இன்னும் சின்னச் சின்னதாக.

நான் தினமும் பிடரியைப் பார்த்தேன், கால் இடுக்கைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன். வாலைத் தூக்கிப் பார்க்கவில்லை. வந்து இரண்டே வாரமான குட்டியின் வாலைத் தூக்கி அவன் நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்று தள்ளிப் போட்டேன். அது என் தவறு. அதை எனக்கு நானே மன்னித்துக்கொள்ள இன்னும் முடியவில்லை.

மருத்துவர் ரத்தம் எடுத்துக் கண்ணாடித்துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். உண்ணிக்காய்ச்சல்தான். இங்கே பிலியரி என்பார்கள். உண்ணி கடிக்கும்போது ஒரு ஒட்டுண்ணி உள்ளே போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால்தான் ஈறு வெளுத்து மஞ்சளாகும். எங்கள் தாழ்நிலத்தில் பிறக்கும் குதிரைகள் குட்டியிலேயே உண்ணிக்கடி வாங்கி ஓரளவு பழகிவிடுகின்றன. குளிர்மலையிலிருந்து வரும் குதிரைக்கு அந்தப் பழக்கம் இல்லை. வந்த இரண்டு மூன்று வாரத்தில் விழும். கீழே இறங்கி வரும் எந்த மலைக்குதிரையையும் வாங்குகிறவர்கள் இதை மட்டும் மறக்காமல் மனதில் வையுங்கள்: வந்த நாளிலிருந்தே வாலுக்கு அடியிலும் காதுக்குள்ளும் பார்க்கப் பழக்குங்கள், உண்ணிமருந்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

இமிடோகார்ப் ஊசி போட்டார். அது குணப்படுத்தும், ஆனால் போட்ட அரை மணியில் எச்சில் வடியும், வயிற்றைப் பிசையும் என்று முன்பே சொன்னார். அதைத் தணிக்க இன்னொரு ஊசியும் போட்டார். அப்படியும் பூலா தரையைக் காலால் பறித்தான், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், வாயிலிருந்து நூல் நூலாக ஒழுகியது. நான் அவன் தலையில் மாட்டியிருந்த ஹால்டர் வாரைப் பிடித்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் தன் நெற்றியை என் நெஞ்சில் முட்டுக் கொடுத்து நின்றுவிட்டான். முந்நூறு கிலோவுக்கு மேல் எடை, அதில் தலை எவ்வளவு கனமோ, அத்தனையும் என்மேல். அந்த வெள்ளைக் கீற்று என் ரவிக்கையில் அழுந்தியிருந்தது. நகர மனம் வரவில்லை. அப்பா நடு அறையிலிருந்து “அழாத கண்ணு, அதுக்குத் தெரியும்” என்றார். இரவு பதினோரு மணிக்கு 38.9. விடியற்காலையில் 38.3. ஐந்தாம் நாள் ஈறு இளஞ்சிவப்பானது.

மூன்று வாரம் முடிந்தும், அவன் தேற இன்னும் பத்து நாள் பொறுத்தோம். பிறகு ஒரு காலையில் நடு வேலியின் கதவைத் திறந்தேன். ஒரு கத்தல், ஒரு உதை. உதை படவில்லை, ராணிக்கு எந்த இடைவெளியில் உதைக்க வேண்டும் என்று தெரியும். இரண்டு பேரும் வாலைத் தூக்கிக்கொண்டு வெளியை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். 21 வயதுக் கிழவி அப்படிப் பாய்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அரை மணியில் தலையும் வாலுமாக நின்று ஒருவர் முகத்து ஈயை இன்னொருவர் வாலால் விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

எப்போது ஏறுவீர்கள் என்று கேட்கிறார்கள். நாலு வயதுக்கு முன் இல்லை. குதிரையின் முதுகெலும்பு முதிர ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். பந்தயத்துக்காக இரண்டு வயதிலேயே ஏறி முதுகு போன குதிரைகளை அப்பா நிறையப் பார்த்திருக்கிறார். எங்களுக்கு எந்தப் பந்தயமும் இல்லை.

சீவல் மட்டும் ஒட்டவேயில்லை. காய்ச்சல் போயிற்று, தீனி ஏறியது, லாயத்துக்குள்ளும் அப்பா நாற்காலி போட்டால் நுழைந்துவிடுவான். ஆனால் காலையில் விலா சுத்தமாக இருக்கும். பகலில் வெயிலில் நிற்கும்போது முன்னங்கால் லேசாக மடிவதை இரண்டு முறை பார்த்தேன். அப்பாவிடம் சொன்னேன். “சாமி வரம் கொடுக்கறப்ப கொடுக்கும், நீ ரொம்பப் பாக்காத” என்றார்.

முந்தாநாள் மாலை ஐந்து மணி. அடைக்கிற நேரம். இரண்டு ஹால்டரையும் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்குப் போனேன். ராணி மட்டும்தான் தெரிந்தாள், பெரிய முள்மரத்துக்குக் கீழே, ஒரு பின்னங்காலைத் தொய்வாக வைத்து, காதை மட்டும் நிமிர்த்தி. பூலாவைக் காணவில்லை. வேலி உடைந்திருக்குமோ என்று ஓடினேன். ராணியின் காலடியில், புல்லுக்குள், கிடந்தான். ஒரு நொடி இதயமே நின்றுவிட்டது. பிறகு விலா ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பக்கவாட்டில் முழுதாகச் சாய்ந்து, கழுத்தை நீட்டி, நான்கு காலையும் பரப்பி. கீழுதடு தளர்ந்து தொங்கியது. குளம்பு ஒன்று துடித்துத் துடித்து அடங்கியது. எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தான்.

அப்பாவும் பின்னாலேயே வந்துவிட்டார், கைத்தடியோடு. வாயில் விரலை வைத்தார்.

மிட்ஜ் வருகிற நேரம். மேற்கே வெளிச்சம் சாய்கிறது. எழுப்ப வேண்டும். ஏழு வாரம் நின்றே கழித்த பிள்ளையை எப்படி எழுப்புவது? பூச்சிமருந்துத் தைலம் லாயத்தில் இல்லை, என் பையிலேயே இருந்தது. மெதுவாகக் கைக்குட்டையில் நனைத்துக் கொண்டுபோய் அவன் கழுத்திலும் வயிற்றிலும் ஒற்றினேன். காது ஒன்று அசைந்தது. கண் திறக்கவில்லை. நான் தொடுகிறேன், அவன் தூங்குகிறான்.

ஐந்து இருபதுவரை நாங்கள் மூவரும் நின்றோம், ராணியும் அப்பாவும் நானும். பிறகு அவனே கண்ணைத் திறந்தான். முன்னங்கால்களை நீட்டி ஊன்றினான், ஒரு உந்தலில் எழுந்தான், தலையிலிருந்து வால்வரை உதறினான். இடது விலா முழுக்கப் புல்லும் மண்ணும். ராணி லாயத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். பூலா அவள் பின்னால் போனான். ஹால்டர் என் தோளிலேயே கிடந்தது.